திருப்பதி–சென்னை 135 கி.மீ., ஓக்லாந்து–சாக்ரமெண்டோ 130 கி.மீ.: ஒரு அணி ஊர் மாறினால் ரசிகர் யார் பக்கம்?

முதலில் ஒரு தூரக் கணக்கு. திருப்பதியில் பஸ் ஏறி புத்தூர், திருத்தணி வழியாகச் சென்னை வந்து இறங்கினால் சுமார் 135 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து ராணிப்பேட்டை வழியாக வந்தால் 150-ஐக் கொஞ்சம் தாண்டும். இந்த இரண்டு ஊர்களிலும் ஐபிஎல் நேரத்தில் மஞ்சள் ஜெர்சி ஏன் அவ்வளவு தெரிகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. திருப்பதியிலிருந்து ஹைதராபாத் 550 கிலோமீட்டருக்கு மேல். விசாகப்பட்டினம் 700-க்கும் மேல். சேப்பாக்கம் மூன்று, நான்கு மணி நேரம். சாயங்காலம் மேட்ச் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போய்விடலாம்.

இப்போது இன்னொரு தூரம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரத்திலிருந்து சாக்ரமெண்டோவுக்கு சுமார் 130 கிலோமீட்டர். கிட்டத்தட்ட அதே திருப்பதி–சென்னை தூரம்தான். 2025-ல் ஒரு பேஸ்பால் அணி இந்த 130 கிலோமீட்டரைக் கடந்து வீடு மாறியது. அந்த முதல் சீசனில் அது முன்பைவிட அதிகமாக ஜெயித்தது. ஆனால் பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள்.

ஒருத்தருக்கு 135 கிலோமீட்டர் தள்ளி இருப்பது "நம்ம கிரவுண்ட்". இன்னொருத்தருக்கு 130 கிலோமீட்டர் தள்ளிப் போனது "நம்ம அணியே இல்லை". தூரம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம். வழியில் புனே, நாக்பூர், கட்டக், விசாகப்பட்டினம், காரைக்குடி எல்லாம் வரும்.

அத்லெடிக்ஸுக்கு என்ன ஆனது?

பேஸ்பால் தெரியாவிட்டாலும் 'மணிபால்' படம் பார்த்திருப்பீர்கள். பிராட் பிட் நடித்தது. காசில்லாத ஒரு அணி, புள்ளிவிவரங்களை வைத்து மலிவாக ஆட்களைப் பிடித்து 2002-ல் வரிசையாக ஜெயிக்குமே, அந்த அணிதான் ஓக்லாந்து அத்லெடிக்ஸ். (என்னை மாதிரி எண்களோடு குப்பை கொட்டுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட குலதெய்வம்.)

இந்த அணிக்கு ஊர் மாறுவது புதிதும் அல்ல. 1901-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. 1955-ல் கன்சாஸ் சிட்டிக்குப் போனது. 1968-ல் ஓக்லாந்துக்கு வந்து 57 சீசன்கள் அங்கேயே ஆடியது. 1972, 1973, 1974, 1989 என நான்கு முறை அங்கிருந்து உலகத் தொடரை வென்றது.

பிறகு மைதானம் பழசானது. புதியது யார் காசில் கட்டுவது என்று அணி உரிமையாளர் ஜான் ஃபிஷருக்கும் நகர நிர்வாகத்துக்கும் வருடக்கணக்கில் பேச்சு இழுத்தது. இதற்கிடையில் லாஸ் வேகஸ் கூப்பிட்டது. நெவாடா மாநிலம் 2023 ஜூனில் 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தர ஒப்புக்கொண்டு சட்டம் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் மற்ற அணி உரிமையாளர்கள் அத்தனை பேரும் இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். வேகஸ் மைதானம் 2028-ல்தான் தயாராகும். அதுவரை எங்கே தங்குவது? சாக்ரமெண்டோவுக்கு ஆற்றைத் தாண்டி வெஸ்ட் சாக்ரமெண்டோவில் இருக்கும், இரண்டாம் நிலை லீக் ஆட்டங்கள் நடக்கும் ஒரு சின்ன மைதானத்தில். கொள்ளளவு சுமார் 14,000.

புது வீடு கட்டி முடியும் வரை சொந்தக்காரர் வீட்டு மாடியில் குடியிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியும் அப்படித்தான் நடந்துகொண்டது. பெயரில் எந்த ஊரையும் சேர்க்கவில்லை. வெறும் 'அத்லெடிக்ஸ்'. சட்டையின் ஒரு கையில் சாக்ரமெண்டோ பட்டை, இன்னொரு கையில் லாஸ் வேகஸ் பட்டை.

முதல் சீசன், எண்களில்

2024 செப்டம்பர் 26-ல் ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தார்கள். அணி 3-2 என்று ஜெயித்துவிட்டுக் கிளம்பியது. 2025 மார்ச் 31-ல் புது இடத்தில் முதல் ஆட்டம். 12,119 பேர் வந்தார்கள். சிகாகோ கப்ஸ் அணியிடம் 18-3 என்று உதை. கிரகப்பிரவேசத்தன்றே கரன்ட் போன மாதிரி.

ஆனால் சீசன் முழுக்க அப்படி இல்லை. பேஸ்பாலில் ஒரு அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடும். அதில் 81 சொந்த மைதானத்தில். 2023-ல் இந்த அணி வென்றது வெறும் 50. ஓக்லாந்தின் கடைசி ஆண்டான 2024-ல் 69. இடம் மாறிய 2025-ல் 76. தோற்றது 86, ஆகவே பெரிய சாதனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏறுமுகம்தான். நிக் கர்ட்ஸ் என்ற புதுப் பையன் ஜூலையில் ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார், ஆண்டின் சிறந்த அறிமுக வீரர் விருதையும் வாங்கினார்.

கூட்டம்? 2024-ல் ஓக்லாந்துக்கு வந்தவர்கள் மொத்தம் சுமார் 9.22 லட்சம். ஆட்டத்துக்கு சராசரி 11,386. 2025-ல் மொத்தம் சுமார் 7.68 லட்சம், சராசரி 9,487. லீக்கின் 30 அணிகளில் இதுதான் கடைசி.

இதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். 14,000 பேர் உட்காரும் இடத்தில் 9,487 என்றால் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கிறது. ஓக்லாந்தில் பிரம்மாண்டமான கிண்ணத்தில் 11,000 பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் பார்க்க சாக்ரமெண்டோதான் கலகலப்பு. ஆனால் 14,000 இருக்கைகளே இருந்தும், ஊருக்கே புதிதாக வந்த முதல் சீசனில், தினமும் ஹவுஸ்ஃபுல் ஆகவில்லை. இதுதான் கவனிக்க வேண்டிய எண். மூன்று வருடத்தில் பெட்டி கட்டப் போகிற வாடகைக்காரரிடம் தெருக்காரர்கள் எவ்வளவு பழகுவார்கள்?

இன்னொரு எண்ணும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 13-ல் ஓக்லாந்து ரசிகர்கள் 'தலைகீழ் புறக்கணிப்பு' என்று ஒன்று நடத்தினார்கள். கூட்டம் வரவில்லை என்பதால்தான் போகிறோம் என்றார்களே, வரச் சொன்னால் வருவோம் என்று காட்ட ஒரே நாளில் 27,759 பேர் வந்து, அணியை விற்றுவிடு என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்தினார்கள். அணி அன்று ஜெயித்தது. முடிவு மாறவில்லை.

ஏழு வெற்றி அதிகமானதற்கு ஊர் மாற்றம் காரணமா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். 162 ஆட்டங்களில் ஆறு வெற்றி வரை வெறும் அதிர்ஷ்டத்திலேயே மேலும் கீழும் போகலாம். நல்ல இளம் வீரர்கள் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். இந்த எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொண்டு நம்ம கதைக்கு வருவோம்.

2018: சேப்பாக்கம் புனேவுக்குப் போனபோது

இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சிஎஸ்கே திரும்பி வந்த ஆண்டு. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16-ல் தீர்ப்பு சொல்லி, ஆறு வாரத்தில் செயல்திட்டம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்திருந்தது. கெடு முடிந்தும் மத்திய அரசு வாரியம் அமைக்கவில்லை. டெல்டாவில் தண்ணீர் இல்லாதபோது சென்னையில் கிரிக்கெட் கொண்டாட்டமா என்ற கேள்வியோடு போராட்டம் வெடித்தது.

ஏப்ரல் 10-ல் கொல்கத்தாவுடன் சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தது. வெளியே போராட்டம், உள்ளே எல்லைக் கோட்டருகே செருப்பு வந்து விழுந்தது. ரஸ்ஸல் 11 சிக்ஸர் அடித்து 88 எடுத்தும், பில்லிங்ஸின் 56 ரன்னால் சிஎஸ்கே ஒரு பந்து மீதமிருக்க ஜெயித்தது. மறுநாளே மீதி ஆறு ஆட்டங்களும் சென்னையை விட்டு மாற்றப்படுவதாக அறிவிப்பு. போன இடம் புனே. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அப்போதுதான் அணி நிர்வாகம் 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு சிறப்பு ரயிலை ஏற்பாடு செய்து சுமார் ஆயிரம் ரசிகர்களை அழைத்துப் போனது. சென்னையிலிருந்து புனே போகும் வழக்கமான ரயில் பாதையைப் பாருங்கள்: அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல், சோலாப்பூர். ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி பத்து கிலோமீட்டர்தான். திருப்பதி ரசிகருக்கு எப்போதும் மூன்று மணி நேரத்தில் இருந்த அணி, அந்த வருடம் எதிர்த் திசையில் போய்விட்டது.

சரி, முடிவு என்ன?

புனேயில் ஆறு ஆட்டங்கள். ஐந்தில் வெற்றி. ராஜஸ்தானை 64 ரன்னில் வென்ற ஆட்டத்தில் வாட்சன் 106. மும்பையிடம் மட்டும் தோல்வி. பிறகு டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், பஞ்சாப் நான்கும் விழுந்தன. சேப்பாக்கத்தின் ஒரு வெற்றியையும் சேர்த்தால் 'சொந்த' ஆட்டங்கள் ஏழில் ஆறு. வெளியூரில் ஏழில் மூன்று மட்டும். மொத்தம் ஒன்பது வெற்றி, இரண்டாம் இடம். கடைசியில் வான்கடேயில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 அடிக்க, கோப்பை.

அடுத்த ஆண்டு, 2019-ல், சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தார்கள். லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் ஏழில் ஆறு வெற்றி. அதே எண்.

இதைப் பார்த்தவுடன் "பார்த்தீங்களா, சேப்பாக்கம் என்பதெல்லாம் மாயை" என்று ஒரு தலைப்பு போடக் கை துறுதுறுக்கும். நிறுத்துங்கள். ஒரு நாணயத்தை ஆறு தடவை சுண்டினால் ஐந்தோ ஆறோ தலை விழுவதற்கான வாய்ப்பு 11 சதவீதம். அதாவது சராசரி அணிகூட புனேயில் இந்த மாதிரி ஜெயிக்க ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனால் எப்படி ஜெயித்தார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஹர்பஜன், ஜடேஜா, இம்ரான் தாஹிர், கரண் ஷர்மா என்று சேப்பாக்கத்துச் சுழலுக்காக ஆள் சேர்த்திருந்தார்கள். புனே பிட்ச் வேறு மாதிரி. அந்த சீசனில் அதிக விக்கெட் எடுத்த சிஎஸ்கே பவுலர் ஷர்துல் தாக்குர், 16. எங்கிடி 11, தீபக் சாஹர் 10. ஹர்பஜன் ஏழு. இறுதிப் போட்டியில் அவர் ஆடவே இல்லை. ஊர் மாறியதும் அணியின் உடம்பே மாறியது. அதோடு புனே அவர்களுக்கு முழு அந்நிய ஊரும் அல்ல. தடை இருந்த 2016, 2017-ல் தோனி ஆடியது ரைசிங் புனே அணிக்குத்தான். அங்கே மஞ்சளுக்கு ஏற்கெனவே பாதி ஊர் தயார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் சேப்பாக்கத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களையும் சிஎஸ்கே ஜெயித்தது. 2025-ல் அதே மைதானத்தில், அதே கூட்டத்தின் முன்னால், ஆறில் ஒன்று. சீசன் முடிவில் பட்டியலின் கடைசி இடம். மண் அப்படியே இருந்தது, சொந்த மைதானத்தின் பலன் மட்டும் காணவில்லை.

2010: ஹைதராபாத் அணிக்கு ஹைதராபாத்தே இல்லாதபோது

சித்தூர், திருப்பதிக்காரர்களுக்குக் காகிதத்தில் ஒரு அணி இருந்தது. டெக்கான் சார்ஜர்ஸ். 2008-ல் முதல் சீசனில் ஹைதராபாத்தில் ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோற்றார்கள். ஏழுக்கு ஏழு! 2009-ல் பொதுத் தேர்தல் காரணமாக ஐபிஎல் மொத்தமும் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே இதே அணி சாம்பியன்.

2010-ல் தெலங்கானா போராட்டம் உச்சத்தில் இருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் நடப்பு சாம்பியனின் சொந்த ஆட்டங்கள் நாக்பூர், கட்டக், நவி மும்பைக்குப் போயின. மூன்று ஊர், மூன்று மாதிரி பிட்ச், ஒன்றுகூட ஆந்திராவில் இல்லை. அப்படியும் 14-ல் எட்டு வெற்றி, அரையிறுதி. அங்கே சிஎஸ்கேவிடம் தோல்வி.

சொந்த ஊரில் ஏழும் தோற்ற அணி, ஊரே இல்லாமல் ஒரு கோப்பையும் ஒரு அரையிறுதியும். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் களத்தில் இப்படி ஆடிய அணி 2012-ல் உரிமையாளரின் கடன் சிக்கலில் மூடப்பட்டபோது அதற்காகத் தெருவில் இறங்கிய கூட்டம் பெரிதாக இல்லை. வேர் பிடிக்க வேண்டிய முதல் மூன்று வருடத்தில் இரண்டு வருடம் ஊரில் இல்லாத அணி அது. அந்த இடத்துக்கு வந்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத், ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த சென்னை நிறுவனமான சன் டிவியுடையது. ஆக, ஹைதராபாத்தின் அணிக்கு உரிமையாளர் சென்னையில்.

அணி நகரவில்லை, எல்லை நகர்ந்தது

இந்தப் பகுதியை சித்தூர்க்காரர்கள் இரண்டு தடவை படிக்கலாம்.

2014 ஜூன் 2-ல் மாநிலம் பிரிந்தது. சன்ரைசர்ஸ் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. உப்பல் மைதானம் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் ஆந்திரப் பிரதேசத்துக்கு அன்றைக்கு ஐபிஎல் அணி இல்லாமல் போனது. ஓக்லாந்தில் அணி ரசிகரை விட்டுப் போனது. இங்கே கோடு வந்து ரசிகரை அணியிடமிருந்து பிரித்தது.

சித்தூருக்கு இந்த விஷயம் பழகிப்போனது. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பாவிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து உருவான மாவட்டம். 1953 அக்டோபர் 1 வரை மெட்ராஸ் மாகாணம், மாநிலம் எல்லாம் இதன் முகவரி. பிறகு ஆந்திரா. 1960-ல் திருத்தணி மட்டும் மெட்ராஸுக்குத் திரும்பியது. 2022 ஏப்ரல் 4-ல் சித்தூர் மாவட்டமே உடைந்து திருப்பதி தனி மாவட்டம் ஆனது. ஒரே வீட்டில் உட்கார்ந்தபடியே தாத்தா ஒரு மாநிலத்திலும் பேரன் இன்னொரு மாவட்டத்திலும் இருக்க முடிகிற ஊர். நகரி, சத்தியவேடு, புத்தூர் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்களிடம் "உங்க அணி எது?" என்று கேட்டால் மாநில வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள். குப்பத்துக்காரர் பெங்களூரு என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆந்திராவில் ஐபிஎல் நடந்திருக்கிற மைதானம் விசாகப்பட்டினம் ஒன்றுதான். அது யாருடைய சொந்த மைதானம்? அவ்வப்போது யாருக்காவது. 2016-ல் மகாராஷ்டிர வறட்சி காரணமாக மும்பை உயர் நீதிமன்றம் ஏப்ரலுக்குப் பிந்தைய ஆட்டங்களை வெளியேற்றியபோது மும்பைக்கும் புனேவுக்கும் அதுதான் வீடு. 2024, 2025-ல் டெல்லி கேபிடல்ஸுக்கு இரண்டிரண்டு ஆட்டங்கள். 2025 மார்ச் 30-ல் அங்கே டெல்லியும் ஹைதராபாத்தும் மோதின. தெலுங்கு மண்ணில் நடந்த ஆட்டத்தில் டெல்லி 'ஹோம்', ஹைதராபாத் 'அவே'. டெல்லிதான் ஜெயித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 31-ல் அதே டெல்லி அங்கே சிஎஸ்கேவை 20 ரன்னில் வென்றது. தோற்றாலும் தோனி 16 பந்தில் 37 எடுத்த அந்தக் கடைசி ஓவர்களில் யார் உள்ளூர், யார் விருந்தாளி என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. 2005-ல் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் 148 அடித்த ஊராயிற்றே அது.

காலி இருக்கை யாருக்கு வலிக்கும்?

கொஞ்சம் காசு பேசுவோம். சம்பளம் வாங்குகிறவர்கள்தானே நாமெல்லாம்.

2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆண்டுக்கு 9,678 கோடி. இதில் சுமார் பாதி அணிகளுக்குப் போகிறது. பத்து அணிகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு அணிக்கு ஆண்டுக்கு 480 கோடி ரூபாய்க்கு மேல். இதற்கு ஒரு இருக்கைகூட நிறைய வேண்டாம்.

இப்போது டிக்கெட். ஒரு பேச்சுக்கு, ஒரு ஆட்டத்துக்கு 30,000 பேர், ஆளுக்கு சராசரி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கோடி. ஏழு ஆட்டத்துக்கு 42 கோடி. இது என் உத்தேசக் கணக்குதான். இரட்டிப்பாக்கினாலும் 84 கோடி. டிவி பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 2018-ல் உரிமைத் தொகை இதைவிடக் குறைவு, ஐந்து ஆண்டுக்கு 16,347.5 கோடி. அதிலும் எட்டு அணிகளுக்குப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு சுமார் 200 கோடி வரும்.

அதனால்தான் ஒரு ஐபிஎல் அணியை இரவோடு இரவாக ஊர் மாற்ற முடிகிறது. மைதானத்தில் இருக்கும் ரசிகர் அணிக்குத் தேவை, அதில் சந்தேகமில்லை. சத்தம் இல்லாமல் டிவியில் ஐபிஎல் விற்காது. ஆனால் அந்த ரசிகர் இந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அத்லெடிக்ஸ் விஷயத்திலும் அதே தர்க்கம்தான். மூன்று வருடம் கூட்டம் குறைந்தாலும், கடைசியில் வரப்போகிற வேகஸ் மைதானம் எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்ற கணக்கு.

முகவரி மட்டும் மாறினால்?

ஐபிஎல்லில் நடந்தது எல்லாம் தற்காலிகம். நிரந்தர இடமாற்றம் நம்ம நாட்டில் கால்பந்தில்தான் அதிகம். 2019-ல் ஒரே சீசனில் இரண்டு ஐஎஸ்எல் அணிகள் ஊர் மாறின. டெல்லி டைனமோஸ் புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. முதல் சீசன் ஆறாம் இடம், 25 புள்ளி. கலிங்கா மைதானம் தயாராகாததால் அவர்களின் முதல் சில 'சொந்த' ஆட்டங்கள் நடந்தது எங்கே தெரியுமா? புனேயில். அதே நேரத்தில் புனேயின் அணி மூடப்பட்டு, அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. முதல் ஆட்டமே கொல்கத்தாவில் 5-0 தோல்வி. 18 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, பத்து புள்ளி, பத்து அணிகளில் பத்தாம் இடம். இரண்டு வருடம் கழித்து 2022 மார்ச்சில் கோப்பையை வென்றார்கள். ஆனால் கோவிட் காரணமாக மொத்த சீசனும் கோவாவில் நடந்தது. ஹைதராபாத் அணி சாம்பியன் ஆனதை ஹைதராபாத் மைதானம் பார்க்கவே இல்லை. 2025 அக்டோபரில் அதுவும் டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. டிஎன்பிஎல்லின் முதல் கோப்பையை 2016-ல் வென்ற தூத்துக்குடி அணி பின்னால் சேலம் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. சென்னை–திருப்பதி சாலையில் இருக்கும் திருவள்ளூரின் பெயரில் இருந்த வீரன்ஸ் முதலில் காஞ்சி, பிறகு நெல்லை. காரைக்குடியில் யாரும் பந்தம் கொளுத்தவில்லை. ஏன் கொளுத்துவார்கள்? அந்த அணி அவர்கள் ஊருக்கு வந்து ஆடியிருந்தால்தானே போனதற்கு வருத்தம். 2025-ல் திருப்பூர் கோப்பையை வென்றது, திண்டுக்கல்லில்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். திருப்பதி ரசிகர் 135 கிலோமீட்டர் போவது அவராகத் தேர்ந்தெடுத்த தூரம். அணி அவருக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை, அதனால் மீறவும் இல்லை. ஓக்லாந்துக்காரருக்கு 57 வருடம் பெயரிலேயே ஊரை வைத்திருந்துவிட்டு, பிறகு அதை அழித்துவிட்டுப் போனார்கள். காரைக்குடிக்குப் பெயர் மட்டும் இருந்தது, உறவு இல்லை. சென்னைக்கு 2018-ல் அணி போனது, ஆனால் பெயரும் போகவில்லை, திரும்பி வருவோம் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் ஒரு ரயிலே பின்னால் போனது. சாக்ரமெண்டோவுக்கு ஓக்லாந்திலிருந்து அப்படி ஒரு ரயில் போகவில்லை.

ஓக்லாந்தில் மிச்சம் இருந்தது

அமெரிக்கக் கூடைப்பந்து அணி 2019-லும் அமெரிக்கக் கால்பந்து அணி 2020-லும் ஓக்லாந்தை விட்டுப் போயிருந்தன. பேஸ்பாலும் போக முடிவெடுத்த 2023-லேயே அந்த ஊரில் ஒரு சின்ன அணியைத் தொடங்கினார்கள். ஓக்லாந்து பாலர்ஸ். பெரிய லீக் அல்ல, பயனியர் லீக் என்ற சுயேச்சை லீக். நகரின் மேற்கே ரைமாண்டி பார்க் என்ற பழைய பொதுப் பூங்காவைச் சரிசெய்து அங்கே ஆடுகிறார்கள். பணம் போதாதபோது ரசிகர்களிடமே பங்கு விற்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். அத்லெடிக்ஸ் 86 ஆட்டங்கள் தோற்ற அதே 2025-ல் பாலர்ஸ் தன் லீக்கின் கோப்பையை வென்றது.

இந்தப் பக்கம், 2022-ல் தொடங்கிய ஆந்திர பிரீமியர் லீக்கில் ராயலசீமா கிங்ஸ் என்று ஒரு அணி இருந்தது. சித்தூரும் திருப்பதியும் அந்தப் பெயருக்குள் அடங்கும். முதல் சீசனில் அந்த அணி ஆடிய ஆட்டங்கள் நடந்தது, திருப்பதியிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் விசாகப்பட்டினத்தில்.